பொன்னியின் செல்வன் முடிந்த இடம்

கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த விதத்தைப் பற்றி வாசகரிடையே ஒரு மனக்குறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் தொடங்கி, 1954-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் காலம் 'கல்கி' வார இதழில் தொடர்ந்து வந்த கதை அது. பாகங்கள் ஐந்து, அத்தியாயங்கள் 293. இத்துணைத் தூரம் நம்மைக் கைப்பிடித்து அழைத்து வந்த ஆசிரியர், ஊர் கண்ணுக்குத் தெரியும் வேளையில் கையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதே அந்தக் குறை.

கதை முடிந்த காலத்திலேயே பிறந்த குறை இது. 2022-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் மணிரத்னம் இயக்கிய திரைப்படம் இரண்டு பகுதிகளாக வெளிவந்தபின் அது புத்துயிர் பெற்றிருக்கிறது. படம் பார்த்த ஆவலில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஐந்து பாகங்களையும் தேடி வாங்கிப் படித்த இளைய ஆசிரியர்கள், படித்து முடித்ததும் மூத்தவர்களிடம் வந்து கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரே வகையானவை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் திருமணம் நடந்ததா, இல்லையா? நந்தினி எங்கே போனாள்? இவற்றிற்குப் பின்னால் வருவது கேள்வியன்று, தீர்ப்பு: "கல்கிக்குக் கதை சொல்லத் தெரியும், ஐயா, முடிக்கத் தெரியவில்லை." இதைச் சொல்லுகிறவர்களிற் பலர் சப்பானியச் சித்திரத் தொடர்கதைகளை ஆண்டுக்கணக்கிற் படித்தவர்கள். 'நருட்டோ' எவ்வளவு அழகாக முடிந்தது பாருங்கள் என்று ஒப்பிட்டும் காட்டுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை ஒதுக்கித் தள்ளுவது முறையன்று. ஒப்புமையையும் ஒதுக்க வேண்டியதில்லை. அது நமக்குப் பயன்படும். கல்கி முடிக்க வேண்டிய இடத்திலேதான் முடித்தார் என்பதும், முடித்த பின்னர் எழுதிச் சேர்த்ததே மிகை என்பதும் நம்முடைய கருத்து. அதற்கான காரணங்களை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளவேண்டும். தொடர்கதை வேறு, புத்தகம் வேறு. புத்தகம் படிப்பவன் இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறதென்று விரலால் அறிந்துகொண்டே படிக்கிறான். பக்கம் குறையக் குறைய அவன் மனமும் முடிவுக்கு ஆயத்தமாகிவிடுகிறது. தொடர்கதை படிப்பவனுக்கு அந்த அறிவிப்பு இல்லை. அவனுக்கு வாரந்தோறும் கதையின் ஒரு பகுதி, அதன் ஈற்றில் ஒரு திடுக்கிடும் நிகழ்ச்சி, பிறகு ஏழு நாள் காத்திருப்பு. நம் நாட்டில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. சென்னையிலிருந்து இதழ்கள் கப்பலேறி, அக்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய பிறகே தோட்டங்களுக்கு வந்து சேரும். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றியமர்ந்து கேட்கும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசக் கற்றுக்கொள்ளும் காலம் முழுவதும் வந்தியத்தேவனும் பூங்குழலியும் அவர்களுடனே குடியிருந்தார்கள். இதழிலிருந்து அத்தியாயங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் சித்திரங்களோடு கட்டடம் செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல.

(அதே 1950-ஆம் ஆண்டிலேதான் கோலாலம்பூரில் வெளிவந்துகொண்டிருந்த 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பைத் தொடங்கினார்கள் என்பதும் நினைவுகூரத் தக்கது. கதை எப்படி அமைகிறதென்று இங்குள்ளவர்கள் கற்கத் தொடங்கிய காலமும், கல்கி தம் பெருங்கதையைத் தொடங்கிய காலமும் ஒன்றாயிருந்தன.)

இப்படிப்பட்ட கதை நின்றுபோகும்போது வாசகனுக்கு ஏற்படும் வருத்தம் கதையைப் பற்றியது மட்டுமன்று. அண்டை வீட்டார் சொல்லாமற் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்து போனால் வரும் வருத்தம் அது. திறனாய்வு செய்கிறவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். "திடீரென்று முடிந்துவிட்டது" என்பது வாசகனின் துன்பத்தைச் சொல்கிறது. கதையின் குற்றத்தைச் சொல்வதாகாது.

அப்படியானால் கதைக்கு என்ன முடிவு தகும்? வரலாற்றுக் கதையை எழுதுகிறவருக்கு முழு உரிமை இல்லை. கல்கியின் கையைக் கல்வெட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. கரிகாலன் கொலையுண்டது உண்மை. கொன்றவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்வது உடையார்குடிக் கல்வெட்டு. அதுவும் கொலை நடந்த உடனே வெட்டப்பட்டதன்று. உத்தம சோழன் ஆண்டு முடித்து, 985-இல் இராசராசன் பட்டத்துக்கு வந்து, அவனுடைய இரண்டாம் ஆட்சியாண்டில் அத்துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்தபோது எழுந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கொலைக்குத் தண்டனை இல்லை. தண்டனை வந்தபோதும், கத்தியை யார் பிடித்தார், எங்கே, எவ்வாறு என்ற விவரம் ஒன்றும் கல்லில் இல்லை.

ஈண்டு ஒரு செய்தியைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக் கரையில் ஆடிப் பெருக்கன்று குதிரையேறி வருகிறான். உடையார்குடிக் கோயில் அந்த ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலிலேயே இருக்கிறது. கொலையாளிகளின் பெயர் பொறித்த கல்லுக்கு அருகிலேயே கல்கி கதையைத் தொடங்கி, 293 அத்தியாயம் எழுதி, கொலை செய்த கை எதுவென்று அறுதியிட்டுச் சொல்லாமலே முடித்திருக்கிறார். அந்தக் கல்வெட்டை அறியாதவரா அவர்? இரவிதாசனையும் சோமனையும் பரமேசுவரனையும் சதிகாரர்களாகக் கதைக்குள்ளே நடமாட விட்டவர் அவர்தாமே! அறிந்தே சொல்லாமல் விட்டார். கொலை நடந்த இருட்டறையில் இருந்தவர்களிற் பலர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்ள முன்வருகிறார்கள். பெரிய பழுவேட்டரையர் தாமே கொன்றதாகச் சொல்கிறார். மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். ஒரு பாவமும் அறியாத வந்தியத்தேவன் சிறையிற் கிடக்கிறான். பழியிலிருந்து தப்பியோட முயல்வோரைக் காட்டுவது துப்பறியும் கதை. இங்கேயோ பழியைத் தமதாக்கிக் கொள்ளப் போட்டி நடக்கிறது. கொன்றவர் இன்னார் என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் இந்தப் போட்டி முழுவதும் பொருளற்றதாகிப் போயிருக்கும்.

இன்னொரு தடையும் அவருக்கு இருந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். அரசுரிமைக்காகக் கொலைக்கு உடந்தையாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடோ, குடிகள் வேண்டியும் அருள்மொழி தன் சிற்றப்பன் அரசாள விரும்பும்வரை அரசு வேண்டாமென்று விட்டுக்கொடுத்ததாகப் புகழ்கிறது. உத்தமன் கொலைகாரனானால், கொலைகாரனுக்கா அருள்மொழி முடியை விட்டுக்கொடுத்தான்? சிவபத்தியிற் சிறந்த செம்பியன் மாதேவியின் மகனா அப்படிப்பட்டவன்? இந்தச் சிக்கலைக் கல்கி அவிழ்த்த விதம் வியக்கத்தக்கது. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் வேறு. மாதேவியின் உண்மை மகன் பூக்கூடை சுமந்து தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதன். அவனே உத்தம சோழன். குழந்தையை மாற்றி வைக்கும் உத்தி பாட்டிக் கதைகளிற் காணும் பழைய உத்திதான். அதைச் சினிமாத்தனம் என்று நகைத்தவர்களும் உண்டு. எனினும் ஒரே உத்தியினால் சாஸ்திரியாரின் ஐயத்துக்கும் இடம் கொடுத்து, செப்பேட்டின் புகழ்ச்சியையும் காப்பாற்றிவிட்டார். பேராசை கொண்ட மதுராந்தகனும் இருக்கிறான், முடிக்குத் தகுதியுள்ள உத்தமனும் இருக்கிறான், இருவரும் ஒருவரல்லர்.

ஆகவேதான் ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். முடிசூட்டு விழாவில், தன் தலையில் ஏறவேண்டிய முடியை அருள்மொழி தன் கையால் எடுத்து உத்தமன் தலையில் வைக்கின்றான். நான்கு பாகமும் யார் தலையில் முடி ஏறும் என்ற கேள்வியால் நடந்தவை. கேள்விக்கு விடை வந்துவிட்டது. அரசியற் கதை அங்கே முடிந்தது. திரைப்படமும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே முடிகிறது.

கல்கி அங்கே முடிக்கவில்லை. முடிசூட்டுக்குப் பிறகும் கதை செல்கிறது. கடைசியாக வரும் 91-ஆம் அத்தியாயத்துக்கு 'மலர் உதிர்ந்தது' என்று பெயர். சம்புவரையர் மகள் மணிமேகலை, சித்தம் கலங்கி, வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். அவனை நேரிற் காணுமுன்பே அண்ணன் கந்தமாறன் சொன்ன பெருமைகளைக் கேட்டு அவனை மனத்தில் வரித்தவள் அவள். அவனுக்காகக் கொலைப் பழியையும் ஏற்க முன்வந்தவள். அவளுக்கு முடியும் இல்லை, மாலையும் இல்லை, அவன் உள்ளமும் முன்பே குந்தவையிடம் போய்விட்டது. ஆடிப்பெருக்கின் புதுவெள்ளத்தில், சிரிப்பும் துடுக்குமாகத் தொடங்கிய கதை, எதையும் பெறாத ஒரு பெண்ணின் சாவோடு நிற்கிறது. அவள் வந்தியத்தேவன் நெஞ்சில் நீங்காத இடம் பெற்றாள் என்பதற்குமேல் கல்கி ஒன்றும் சொல்லவில்லை.

தியாகம் என்றால் அரசகுமாரன் முடியைக் கொடுப்பதுதான் என்று எண்ணி வந்த வாசகனுக்கு இது அடி. அருள்மொழி கொடுத்ததை உலகம் பார்த்தது, செப்பேட்டில் எழுதிற்று, பின்னர் அவனே அரசனும் ஆனான். மணிமேகலை கொடுத்ததை எந்தக் கல்லும் எழுதவில்லை. எழுதவும் இயலாது, அவள் கல்கியின் கற்பனையிற் பிறந்தவள். வரலாறு தரும் தியாகத்தை இறுதிக்கு முன்னே வைத்துவிட்டு, வரலாற்றில் இடமில்லாத தியாகத்தை இறுதியில் வைத்த இந்த அமைப்பு தற்செயலாக வந்ததென்று நாம் கருதவில்லை. கதை சட்டென்று நின்றுவிட்டது என்பவர்கள் இந்த அத்தியாயத்தை மறுபடி படிக்க வேண்டும். நிற்க வேண்டிய இடம் அது. அதற்குப் பின் குந்தவையின் திருமணத்தை மேளதாளத்தோடு எழுதினால் மணிமேகலையின் சாவு வழியிற் கிடந்த ஒரு தடையாக மாறிவிடும்.

திரைப்படத்தில் மணிமேகலையே இல்லை. நூறாயிரம் நிகழ்ச்சிகளை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க முயல்கிறவர்கள் எதையாவது விடத்தான் வேண்டும். அதற்காக இயக்குநரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் முடிசூட்டோடு கதை முடிந்தது என்ற நினைவோடே வருகிறார்கள். 91-ஆம் அத்தியாயத்தை ஏதோ ஒட்டு வேலை போல் பார்க்கிறார்கள். இன்றைய மனக்குறை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறையே இல்லாத முடிவு என்று நாம் வாதிக்கவில்லை. ஐந்தாம் பாகம் ஒன்றுக்கே 91 அத்தியாயங்கள். மூன்றாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் தலைக்கு 46. புயலும் வெள்ளமும் ஒருமுறை வந்தால் போதும். இங்கே மீண்டும் வருகின்றன. திரைக்குப் பின்னால் ஒளிந்து கேட்போரும், சுரங்க வழியில் வந்து சேர்வோரும், இறந்தாரென்று நினைத்திருக்கத் திரும்பி வருவோரும் ஒரு வாரம் ஓர் ஆளாக வந்துகொண்டிருக்கிறார்கள். வார இதழின் தேவைக்காக நீட்டியவை இவை என்பதைக் கல்கியின் அன்பர்களும் மறுக்க மாட்டார்கள். நந்தினி விலகிச் செல்லும் இடமும் நமக்கு நிறைவளிக்கவில்லை. நான்கு பாகங்களைத் தாங்கி நின்ற பாத்திரம் அவள். கொலையாளி யாரென்பதை மூடி வைத்ததற்குக் காரணம் இருந்தது; நந்தினியின் மனம் என்னவாயிற்று என்பதை மூடி வைத்ததற்குக் காரணம் தெரியவில்லை.

இனி முடிவுரைக்கு வருவோம். கதை முடிந்ததும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி ஒரு முடிவுரையில் விடை எழுதினார். பின்னர் யார் யார் என்ன ஆனார்கள் என்பதை, வரலாறு தரும் செய்திகளும் தம் கற்பனையும் கலந்து சுருக்கமாகச் சொன்னார். முழுக் கற்பனைக் கதையை மணவிழாவோடு மங்களம் பாடி முடித்துவிடலாம். வரலாற்றுக் கதை அப்படி முடிவதில்லை. அதன் மாந்தர் அதற்குப் பின்னும் வரலாற்றில் வாழ்கிறார்கள் என்பது அவர் கூறிய சமாதானத்தின் சாரம். உண்மையான சமாதானம். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வந்தியத்தேவன் குந்தவை திருமணத்தைக்கூட அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாராகக் குந்தவையைக் குறித்திருக்கிறது. கேட்ட வாசகரை அந்தக் கல்லைப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். வரலாற்றுப் படிப்புக்கும் அது தூண்டுதலாக இருந்திருக்கும்.

ஆயினும் கல்கி ஏன் எழுதினார் என்பது விளங்காமலில்லை. அவர் நூலாசிரியர் மட்டுமல்லர், பத்திரிகாசிரியர். அடுத்த வாரமும் அதே வாசகர்களின் கையில் தம் இதழ் போய்ச் சேர வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை சொல்வது இதழாசிரியரின் மரியாதை. அம்மரியாதைக்காக எழுதிய கடிதத்தைப் பதிப்பாளர்கள் நூலின் இறுதியிற் சேர்த்து அச்சிட்டு வருவதால், அது கதையின் கடைசி அத்தியாயம் என்ற மயக்கம் உண்டாகிவிட்டது.

இப்போது இளைய ஆசிரியர்கள் கொண்டுவந்த ஒப்புமையை எடுத்துக்கொள்ளலாம். சப்பானியச் சித்திரத் தொடர்கதைக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் எழுதப் புகுந்தால் நமக்கு இடர்ப்பாடு வருகிறது. மாங்கா என்று எழுதினால் உப்பும் மிளகாய்த் தூளும் நினைவுக்கு வருகின்றன. மங்கா என்று எழுதினால் ஒளி குன்றாதது என்று பொருள்பட்டுவிடும். சித்திரத் தொடர் என்றே சொல்வோம். நம் மாணவர்கள் அவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். அங்கேயும் வார இதழ். அங்கே வாரம் ஓர் அத்தியாயம். அவற்றுட் பெயர் பெற்ற ஒரு வார இதழ், தன்னுடன் அஞ்சலட்டையும் வைத்து, எந்தக் கதை பிடித்ததென்று வாசகரைக் கேட்டறிவது வழக்கம். பின்தங்கிய கதை விரைவில் நிறுத்தப்படும். முன்னணியில் நிற்கும் கதை பல்லாண்டு நீளும். ஒசாமு அகிமோட்டோ என்பவர் ஒரு காவல் நிலையத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடரை 1976 முதல் 2016 வரை நாற்பதாண்டுகள் நடத்தி, 200-ஆம் தொகுதியோடு தாமே நிறுத்திக்கொண்டார்.

'நருட்டோ' 1999-இல் தொடங்கி 2014-ஆம் ஆண்டு நவம்பரில் 700-ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. மசாஷி கிஷிமோட்டோ அதில் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. நாயகன் தான் விரும்பிய தலைமைப் பதவியை அடைகிறான், எல்லார்க்கும் மணமாகிறது, பிள்ளைகளும் பிறந்து ஓடியாடுகிறார்கள். வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் ஆசிரியரே முன்கூட்டிக் கேட்டு விடை சொல்லிவிட்டார். நம் இளைஞர்கள் இதையே அழகு என்கிறார்கள். படிக்கும்போது இனிக்கிறதென்பதை மறுக்கவில்லை. எனினும் கல்கியின் முடிவுரையை அத்தியாயமாக எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அது. இரண்டே ஆண்டில் அந்தப் பிள்ளைகளை வைத்து அடுத்த தொடரும் தொடங்கியதென்றால், முடிவு என்று நாம் நினைத்தது உண்மையில் மறுதொடக்கமாகவே இருந்தது.

ஹஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' வேறு வகை. 2009 முதல் 2021 ஏப்ரல் வரை 139 அத்தியாயங்கள். கொடிய முடிவு, பல நாட்டு வாசகர்கள் மனம் கொதித்தார்கள். சில வாரங்களுக்குப் பின் அக்கடைசி அத்தியாயம் நூல் தொகுதியாக வந்தபோது, இதழில் இல்லாத சில பக்கங்களை அவர் கூடுதலாக வரைந்து சேர்த்தார். 67 ஆண்டுகளுக்கு முன் கல்கி செய்ததும் இதை ஒத்ததே. மொழி வேறு, நாடு வேறு. வாசகனின் ஏக்கமும் எழுத்தாளனின் சங்கடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

நம் கருத்துக்கு மிகவும் அண்மையில் வருவது டாகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்'. பள்ளி மாணவர்களின் கூடைப்பந்துக் கதை. 1990 முதல் 1996 வரை வந்தது. முந்தைய ஆண்டின் வாகையரான பெரும்பள்ளியை நாயகனின் குழு ஒரே புள்ளி வேறுபாட்டில் வெல்கிறது. அந்த ஓர் ஆட்டத்தை ஆசிரியர் தொகுதி தொகுதியாக வரைந்தார். அடுத்த சுற்றில் அக்குழு படுதோல்வி அடைந்ததை ஒரே வரியிற் சொல்லிவிட்டுக் கதையை முடித்தார். கோப்பை யாருக்கு என்று காத்திருந்தவர்கள் திகைத்தார்கள். ஆனால் கோப்பை அக்கதையின் பொருளே அன்று. முரடனாக வந்த ஒருவன் ஆட்டத்தை நேசிக்கக் கற்றான் என்பதே பொருள். அது நிறைவேறிய இடத்தில் கதை நின்றது.

பின்னர் நடந்தது நம்மைப் போன்ற ஆசிரியர்களைத் தனியே கவர்வது. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில், கனகாவா மாநிலத்தில் மூடப்பட்டுக் கிடந்த ஓர் உயர்நிலைப் பள்ளியின் கரும்பலகைகளில், கதை முடிந்த பத்து நாளுக்குப் பின் அம்மாந்தர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை இனோவே வெண்கட்டியால் வரைந்தார். மூன்று நாள் மக்கள் வந்து பார்த்தார்கள். வாசகனின் ஏக்கத்தை அவர் அவமதிக்கவில்லை. அதே வேளையில் 31 தொகுதிகளாக முடிந்த கதையின் கடைசிப் பக்கத்தையும் மாற்றவில்லை. மணி அடிக்க ஆளில்லாத பள்ளியில், அழியக்கூடிய வெண்கட்டியில் விடையை எழுதினார். ரப்பர்க் காடுகள் அழிந்து, லயங்கள் காலியாகி, பிள்ளையில்லாமல் மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் கரும்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இச்செய்தி வேறு விதமாகவும் நெஞ்சைத் தொடும். கல்கியின் முடிவுரையை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. அது கரும்பலகையில் எழுதியது, புத்தகத்தில் எழுதியதன்று.

முடிக்கும் பேறே வாய்க்காத கதைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' முடிந்து ஏழு மாதங்கூட ஆகவில்லை. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தார். வயது 55. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது; அவர் மகள் ஆனந்தி அவருடைய குறிப்புகளைக் கொண்டு அதை நிறைவு செய்தார். சப்பானில் 1989 முதல் 'பெர்செர்க்' என்னும் தொடரை வரைந்துவந்த கென்டாரோ மியூரா 2021-இல் 54-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் வாய்மொழியாகக் கதையின் போக்கைக் கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் மாணாக்கர்கள் தொடர்ந்தார்கள். நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்த 'டோரேமோன்' 1996-இல் அதன் ஆசிரியர் மறைந்தபோது முடிவு எழுதப்படாமலே நின்றுவிட்டது. மகள் முடித்ததும் நண்பர் முடித்ததும் போற்றத்தக்க கடமைகள். ஆயினும் மணிமேகலையின் சாவை இறுதியில் வைக்கும் துணிவு கதையைப் பெற்றவருக்கு மட்டுமே உண்டு. கல்கி அந்த ஓர் ஆண்டில் சற்றுத் தாமதித்திருந்தால், உத்தமன் தலையில் முடி வைத்தது வேறொரு கையாக இருந்திருக்கும்.

முடிவே வேண்டாமென்றால் அதற்கும் தமிழில் ஒரு சான்று உண்டு. 'தினத்தந்தி'யில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' அறுபதாண்டுக்கு மேலாக நாள்தோறும் சிறு சிறு கட்டங்களில் வந்திருக்கிறது. சிந்துபாத் கடலிலும் காட்டிலும் அலைந்துகொண்டேயிருக்கிறான். வழக்கு நீண்டாலும் சாலை வேலை நீண்டாலும் "கன்னித்தீவு போல" என்று சொல்லுமளவுக்கு அது பேச்சு வழக்கில் இடம் பெற்றுவிட்டது. அதன் முடிவைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அதிலே எந்தக் கட்டம் தம்மைக் கலங்க வைத்ததென்றும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கல்கி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களும் உண்டு. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். இராசராசனையும் தஞ்சைக் கோயிலையும் பொருளாகக் கொண்டு பாலகுமாரன் 'உடையார்' எழுதினார். கொலைக்கு விடை தேடும் நூல்கள் இன்றும் வருகின்றன. முழுதும் அடைத்து முடித்த கதையாக இருந்தால் இவர்களுக்கு நுழைய வாயில் இருந்திராது.

பள்ளியில் இக்கதையை அறிமுகம் செய்யும் ஆசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். கடைசி அத்தியாயத்தை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். முடிவுரையை மறுவாரம் கொடுக்கலாம். இடையில் உள்ள ஏழு நாளில் மாணவர்களே ஒரு முடிவுரை எழுதி வரட்டும். பள்ளி நூலகத்துக்கு ஐந்து பாகமும் வாங்கப் பணம் போதாமல் சுருக்கப் பதிப்பு வாங்க நேர்ந்தால், அட்டையில் உள்ள குதிரையையும் வாளையும் பார்த்து வாங்கிவிட வேண்டாம். கடைசிப் பக்கங்களைப் புரட்டி, மணிமேகலை இருக்கிறாளா என்று பார்த்து வாங்குங்கள்.